சென்னை டூ யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்காவா, கப்பலா?

மாமியார் வீடு யாழ்ப்பாணத்துல நல்லூர் பக்கம்ங்கறதால இந்தக் கணக்கை நான் நிறைய தடவை போட்டுப் பாத்துட்டேன். மேப்ல நேர்கோடு போட்டா சென்னை ஏர்போர்ட்ல இருந்து பலாலி, அதாவது யாழ்ப்பாணம் ஏர்போர்ட், சுமார் 355 கிலோமீட்டர், கொழும்புக்கான ஏர்போர்ட் இருக்கற கட்டுநாயக்கா 645 கிட்ட வரும். கிட்டத்தட்ட பாதி தூரம், அப்போ ப்ளைட் டைமும் பாதியா இருக்கும்னு தானே நெனப்போம்? அதான் இல்ல. ரெண்டுக்குமே ஒன்னேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம் தான் போடறாங்க.

காரணம் சிம்பிள். கொழும்புக்கு ஜெட் போகுது, மேல போயிட்டா மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். பலாலிக்கு வர்றது ஏடிஆர் 72, ரெக்கைல காத்தாடி சுத்தற வண்டி, வேகம் 500 சொச்சம் தான். பலாலி ரன்வே சின்னது, பெரிய ஜெட்டுக்குப் பத்தாது. ரெண்டாம் உலகப்போர் காலத்துல போட்ட ஏர்போர்ட் அது, 2019 அக்டோபர்ல இன்டர்நேஷனல் ஆக்கி நவம்பர்ல சென்னை ப்ளைட் ஓட ஆரம்பிச்சு, கொரோனால நின்னு, மறுபடி 2022 டிசம்பர்ல தான் வந்துச்சு.

ஆனா ப்ளைட் டைம மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, எறங்குனதுக்கு அப்புறம் தான் கதையே. பலாலில ஒரே ஒரு ப்ளைட் கூட்டம் தான், இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வந்தா யாழ் டவுன் அரை மணி, முக்கால் மணி. கட்டுநாயக்கால எறங்குனா புத்தளம், அனுராதபுரம், வவுனியா, அப்புறம் யாழ்ப்பாணம் போற ஏ9 மெயின் ரோடுன்னு பஸ்ல ஏழெட்டு மணி நேரம். ஒரு தடவை டிக்கெட் மலிவா இருக்குன்னு குழந்தையையும் கூட்டிட்டு அப்படிப் போனேன், சென்னைல காலைல கெளம்பி வீட்டு வாசல்ல நிக்கறப்ப ராத்திரி பத்து, மாமியார் கதவத் தொறந்ததும் கேட்ட முதல் கேள்வி "ஏன் தம்பி கொழும்பால சுத்தி வாறியள்?" மிச்சம் பிடிச்ச காசு வழில சாப்பாட்டுக்கும் வேனுக்குமே போயிடுச்சு.

அதுக்காக கொழும்பு வழி வேஸ்ட்னு சொல்லல. ஒரு ப்ளைட் கேன்சல் ஆனா அன்னைக்கே இன்னொன்னு கெடைக்கும், பலாலில அந்த சௌகரியம் கெடையாது. கல்யாணம், சாவுன்னு கண்டிப்பா போயே ஆகணும்னா இத யோசிச்சுக்கோங்க.

நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணம் பக்கத்து துறைமுகமான காங்கேசன்துறைக்குப் போற கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு உடனே நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓடுச்சு. கடல்ல சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். டெல்டாக்காரங்களுக்கு அருமை, சென்னைக்காரங்க முந்தின ராத்திரியே பஸ் ஏறி நாகை போய்ச் சேரணும். ஐப்பசி, கார்த்திகை மழைல நம்பிப் போகாதீங்க, கடல் பொங்குனா சர்வீஸ் நிறுத்திடுவாங்க. திருச்சில இருந்தும் 2025 மார்ச்ல பலாலிக்கு ப்ளைட் விட்டாங்க, தூரம் 180 சொச்சம் தான், மதுரை தஞ்சாவூர் ஆளுங்க சென்னைக்கு வரவே தேவையில்ல.

என் ஓட்டு பலாலிக்குத் தான். ஏடிஆர்ல பின் பக்கக் கதவு வழியா தான் ஏறணும், சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ரெக்கை தலைக்கு மேல இருக்கறதால கீழ நல்லா தெரியும், போறப்ப வலது பக்க ஜன்னல் சீட் போடுங்க, மேகம் இல்லன்னா நம்ம கரை கூடவே வரும்.