மெர்க்ரூசர் அலைன்மென்ட் தண்டு: ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் ஓர் இரும்புக் கம்பிக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?

மெர்குரி மரீன் நிறுவனம் தன் மெர்க்ரூசர் ஸ்டெர்ன்டிரைவ்களுக்கென விற்கும் அலைன்மென்ட் தண்டு, படகின் இயந்திரம் வெளியே தொங்கும் டிரைவோடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. அதன் உதிரிப்பாக எண் 91-805475ஏ1. பார்வைக்கு அது வழுவழுப்பாகக் கடைந்த நீளமான ஓர் உருக்குக் கம்பி. ஒரு முனையில் நீளவாட்டில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள், அதிலும் சில நிமிடங்கள் மட்டும் கையில் எடுக்கப்போகும் பொருளுக்கு அத்தனை டொலர் எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பினால் ஒரு மலிவான தண்டை வாங்கி, ஒரு முழுச் சனிக்கிழமையையும் இயந்திரத்தின் சரியான நிலையையும் ஒருசேரத் தொலைத்த பிறகே அசல் தண்டை வாங்கினேன். இரண்டு வசந்த காலங்கள் அதைப் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

என் படகு ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஓடுவது. 4.3 லீற்றர் ஆறு சிலிண்டர் இயந்திரமும், அதன் பின்னால் 1991 முதல் வெளிவந்த அல்ஃபா வன் இரண்டாம் தலைமுறை டிரைவும் பூட்டியது. வெளியிணைப்பு இயந்திரங்களை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு வார்த்தை: ஸ்டெர்ன்டிரைவ் படகில் இயந்திரம் படகுக்குள்ளேயே பின்பக்கம் அமர்ந்திருக்கும், கியர்களும் புரொப்பெல்லரும் கொண்ட கால் மட்டும் பின்சுவருக்கு வெளியே தொங்கும். அந்தக் கால்தான் டிரைவ். இயந்திரத்தின் வலுவை அதற்குக் கொண்டுபோகும், மடங்கும் மூட்டுகள் கொண்ட யு-ஜாயிண்ட் தண்டு, பின்சுவரில் உள்ள பெரிய துளை வழியே, கிம்பல் பேரிங் என்னும் உருளியைக் கடந்து, இயந்திரத்தின் பின்புறத்தில் உள்ள கப்ளர் என்னும் இணைப்பானுக்குள் பல்லோடு பல்லாக நுழைகிறது. அந்தத் துளையின் வழியே ஏரி உள்ளே வராமல் தடுப்பது பெல்லோஸ் என்னும் மடிப்புள்ள ரப்பர் உறை ஒன்றுதான். வோல்வோ பென்டா 1959இல் அக்வாமாட்டிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள் முதல் இந்த வகை டிரைவுகளின் வசதியும் பலவீனமும் இந்த ஒரே துளையில்தான் இருக்கின்றன.

ஏரி உறையும் ஊரில் படகு ஒக்டோபரில் கரையேறும். அப்போதே டிரைவைக் கழற்றி, பெல்லோஸில் வெடிப்பு உண்டா, கிம்பல் பேரிங் கையால் சுழற்றும்போது கரகரக்கிறதா, யு-ஜாயிண்ட் சிலுவைகளில் ஆட்டம் உண்டா என்று பார்த்து, நீர்ப்பம்புக்குள் சுழலும் ரப்பர் விசிறியான இம்பெல்லரையும் மாற்றிவிடுவது என் வழக்கம். கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மே மாதத்து விக்ரோறியா தின விடுமுறைக்கு முன் அதைத் திரும்பப் பொருத்தும்போதுதான் கை நடுங்கும், ஏனென்றால் யு-ஜாயிண்ட் தண்டு போய்ச் சேரவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது. கிம்பல் பேரிங்கின் மையமும் கப்ளரின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை டோர்ச் அடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தத் தண்டு.

பயன்படுத்தும் முறை எளிது. பல்முனையில் மெல்லிய படலமாகக் கிறீஸ் பூசி, தண்டை வெளியிலிருந்து கிம்பல் பேரிங் வழியாக நேராக உள்ளே செலுத்த வேண்டும். புதிய பேரிங் என்றால் அது தன் கூட்டுக்குள் சற்றுச் சாய்ந்து நிற்கலாம். தண்டின் வெளிமுனையை மேல், கீழ், இடம், வலம் என ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பேரிங் நேராகிவிடும். அதன் பிறகு தண்டு இரண்டு விரல்களின் தள்ளலில் கப்ளருக்குள் வழுக்கிப் போகவும், அதே இலகுவுடன் வெளியே வரவும் வேண்டும். வெளியே எடுத்ததும் பல்முனையில் கிறீஸ் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே அளவாக அழிந்திருந்தால் இயந்திரம் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் துடைத்ததுபோல் இருந்தால் இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டுகளில் முன்பக்கத்தவற்றை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். பின்பக்க மவுண்டுகளின் உயரத்தை மாற்ற முடியாது என்பதால் முன்னால் உள்ள இரண்டிலும் நட்டை ஒரே அளவு திருப்பி, திரும்பவும் தண்டை விட்டுப் பார்க்க வேண்டும். கப்ளரைக் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி நான்கு நிலைகளிலும் இதையே செய்வது நல்லது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால் உடனே எதுவும் உடைவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. படகு வழக்கம்போல ஓடும். கோணல் சிறிதாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் கப்ளரின் பற்கள் தேயும்; ஒரு நாள் ஏரியின் நடுவே இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, புரொப்பெல்லர் நின்றுவிடும். கப்ளரை மாற்றுவதென்றால் இயந்திரத்தையே வெளியே தூக்க வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் தண்டின் விலை ஒரு பொருட்டல்ல.

இனி நான் முதலில் வாங்கிய தண்டின் கதை. இணையத்தில், அசலின் விலையில் ஒரு சிறு பங்குக்கு, பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறையில் செய்தது கிடைத்தது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது. முதல் முயற்சியிலேயே அது பேரிங்குக்குள் இறுக்கமாகப் போய், கப்ளரின் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. இயந்திரம் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி மவுண்டுகளைத் திருப்பத் தொடங்கினேன். ஒரு சுற்று மேலே, முட்டியது. இரண்டு சுற்றுக் கீழே, அப்போதும் முட்டியது. பிற்பகல் மூன்று மணிக்கு எத்தனை சுற்று எந்தப் பக்கம் திருப்பினேன் என்ற கணக்கே மறந்துபோனது. ஆரம்ப நிலையை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும் என்ற அறிவு அதற்குப் பிறகுதான் வந்தது. மாலையில், பக்கத்துத் தரிப்பிடத்தில் படகு வைத்திருக்கும் ஒருவர் தன் அசல் தண்டைக் கொண்டுவந்து தந்தார். அது பேரிங்குக்குள் தடையில்லாமல் போனது. இரண்டையும் வேர்ணியர் அளவியில் வைத்துப் பார்த்தபோது, என்னுடையது ஓரிடத்தில் மயிரிழை தடித்தும், பற்களின் ஓரங்கள் பிசிறு நீக்கப்படாமலும் இருப்பது தெரிந்தது. பிழை தண்டில் இருக்க, நான் திருத்திக்கொண்டிருந்தது இயந்திரத்தை. கெடாத இயந்திரத்தைக் கெடுத்து, அதைத் திரும்ப நேராக்க இரவு ஒன்பது மணி ஆனது.

விலை குறைந்த தண்டுகள் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கடைந்தவையும் சந்தையில் இருக்கலாம். ஆனால் அளவுகோல் பிழை என்றால் அதைக் காட்டிக்கொடுக்க இன்னொரு அளவுகோல் வேண்டும். வீட்டு முற்றத்தில் தனியாக வேலை செய்பவரிடம் அது இருக்காது.

அசல் தண்டில் எனக்குப் பிடித்தது அதன் மழமழப்பு. தண்டு கப்ளருக்குள் இறங்கும்போது கையில் தெரியும் மெல்லிய உறிஞ்சல்கூட அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டாம் ஆண்டு தண்டு உள்ளே போனாலும் சற்று உரசுவதை விரலே சொன்னது. கிறீஸ் அடையாளமும் அதையே காட்டியது. முன் மவுண்டுகள் இரண்டிலும் நட்டை அரைச் சுற்றுத் திருப்பியதும் சரியாகிவிட்டது. முழு வேலையும் இருபது நிமிடத்தில் முடிந்தது.

தண்டு தன் சாட்சியத்தைச் சொன்ன பிறகு டிரைவைப் பொருத்துவது பெரும்பாலும் பொறுமையின் வேலை. கசிவைத் தடுக்கும் பழைய காஸ்கெட்டையும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்களையும் திரும்பப் போடக் கூடாது. யு-ஜாயிண்ட் தண்டின் பற்களுக்குக் கப்ளர் கிறீஸும், பேரிங்குக்குள் உட்காரும் ஓ-ரிங்குகளுக்கு உரிய கிறீஸும் பூச வேண்டும். அல்ஃபா வகையில் படகின் கியர் நெம்புகோலும் டிரைவும் இரண்டுமே முன்னோக்கிய கியரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவ் வந்து பொருந்தும் கூடான பெல் ஹவுசிங்கில் உள்ள கியர் மாற்றும் துண்டும் டிரைவில் உள்ளதும் ஒன்றையொன்று கவ்வாது. டிரைவை ஒருவர் தூக்கக் கூடாது. நான் சக்கரம் வைத்த ஜாக்கில் ஏற்றி, ஆறு மரையாணிகளின் உயரத்துக்குக் கொண்டுவந்து தள்ளுவேன். என் மாமா பின்னால் நின்று புரொப்பெல்லரை இடஞ்சுழியாக மெல்லத் திருப்புவார். பற்கள் பற்களைக் கண்டுகொண்டதும் டிரைவ் தானாகவே முன்னே நகரும்.

சென்ற ஆண்டு கடைசி ஓர் அங்குலத்தில் அது நின்றுவிட்டது. நட்டுகளைப் பூட்டி இறுக்கினால் இழுபட்டு வந்துவிடும் என்று நான் ரெஞ்சை எடுத்தேன். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் முப்பது வருடம் வெளியிணைப்பு இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர் என் மாமா. "தம்பி, தானாப் போகாததை நட்டாலை இழுக்காதேங்கோ" என்றார். வெளியே இழுத்துப் பார்த்தால் கியர் மாற்றும் துண்டு சற்றுத் திரும்பி நின்றிருந்தது. இறுக்கியிருந்தால் அது வளைந்திருக்கும். நேராக்கித் தள்ளியதும் டிரைவ் காஸ்கெட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் ஆறு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, படிப்படியாக, 50 அடி-பவுண்ட் அளவுக்கு, அதாவது 68 நியூட்டன் மீட்டருக்கு, டோர்க் ரெஞ்சால் இறுக்கினோம். டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டர்களைப் பூட்டி, கியர் ஒயிலைக் கீழ்த்துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றி, நீர்க்குழாய் மாட்டிய பிறகே இயந்திரத்தைத் தொட்டோம். அல்ஃபாவின் நீர்ப்பம்பு டிரைவுக்குள் இருப்பதால் நீரில்லாமல் சில வினாடி ஓடினாலும் புது இம்பெல்லர் போய்விடும்.

தண்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது நேர்கோட்டை மட்டுமே சொல்லும். பெல்லோஸின் கிளிப் சரியாக இறுகியிருக்கிறதா என்பதோ, பேரிங்கின் ஆயுள் இன்னும் எவ்வளவு என்பதோ அதற்குத் தெரியாது. உங்கள் இயந்திரத்துக்கான பழுதுபார்ப்புக் கையேடு பக்கத்தில் இல்லாமல் இதை மட்டும் வாங்குவது பாதிப் பணத்தை வீணாக்குவதே. வேறு நிறுவன டிரைவ் வைத்திருப்பவர்கள் அதற்குரிய தண்டையே தேட வேண்டும். டிரைவை ஒருபோதும் தாமே கழற்றாதவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் பட்டறைக்காரரிடம் தண்டு விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டு, கிறீஸ் அடையாளத்தைக் கைபேசியில் படமெடுத்துத் தரச் சொன்னால் போதும். ஆண்டுதோறும் தாமே கழற்றிப் பூட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் விலை உறுத்தாது. எங்கள் தரிப்பிடத்தில் இப்போது நான்கு படகுகளுக்கு என் தண்டுதான்.

வைக்கும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். கீழே விழுந்து பல் நசுங்கினாலும், ஈரத்தில் துருப்பிடித்தாலும் நான் முதலில் வாங்கிய தண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. நான் ஒயில் துடைத்த துணியில் சுற்றி, இரு பக்கமும் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, கராஜில் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். மவுண்டு நட்டுகளின் நிலையைக் குறித்த காகிதமும் அதே குழாய்க்குள் இருக்கிறது.