முழு பேட்ச் தீவனத்துக்கும் அட்வான்ஸ் கட்டிடாதீங்க, எனக்கு 1000 கிலோ காசு போச்சு

தீவனம் வித்த ஆன்லைன் தளத்துக்காரங்ககிட்ட பேசிட்டு இப்பதான் போனை வச்சேன். ஒன்பதாவது தடவையா "டீம்கிட்ட சொல்லியிருக்கோம் சார்"னு சொல்லி கட் பண்றாங்க. கோவம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன், ஆர்கானிக்கா கறிக்கோழி வளர்க்கறவங்க ஒருத்தராவது தப்பிச்சா போதும். தீவன பட்ஜெட் எப்படி போடறதுன்னும் கடைசில சொல்றேன்.

200 குஞ்சு விட்டிருக்கேன், மெதுவா வளர்ற ரகம், 11 வாரத்துல ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் மேல வரும்போது பிடிக்கலாம்னு பிளான். இந்த ரகம் ஒரு கிலோ எடை ஏற கிட்டத்தட்ட மூணு கிலோ தீவனம் தின்னும், சாதா பிராய்லர் மாதிரி ஒன்னேமுக்கால்ல முடியாது. ஒரு கோழிக்கு 6 கிலோ, ஆக மொத்தம் 1200 கிலோ. குஞ்சுப் பருவத்துக்கு ஸ்டார்ட்டர் 200, வளர்ற பருவத்துக்கு க்ரோயர் 480, கடைசிக்கு ஃபினிஷர் 520னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். இந்தத் தொழில்ல செலவோட பெரும்பங்கு தீவனம்தான், நடுவுல விலை ஏறிட்டா மொத்தக் கணக்கும் கவிழ்ந்துடும், அந்த பயத்தைத்தான் அவங்க பிடிச்சுக்கிட்டாங்க.

விவசாயப் பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் தளம். விசாரிச்ச அரை மணி நேரத்துல ஒருத்தர் கூப்பிட்டார். என்ன ரகம், எத்தனை வாரம், எந்த எடையில பிடிப்பீங்கன்னு பொறுமையா கேட்டுட்டு அவரே கணக்கு போட்டு "1180 கிலோ ஆகும்ணே"ன்னார். என் நோட்டுல 1200. அந்த நிமிஷம்தான் நான் விழுந்தது. சோயா புண்ணாக்கு எக்ஸ்பெல்லர்ல, அதாவது மெஷின்ல அழுத்திப் பிழிஞ்சது, கெமிக்கல் ஊத்தி எண்ணெய் எடுத்தது இல்லன்னு நான் கேக்காமலே சொன்னார், கோழிக்குத் தேவையான மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம் பத்தி பேசினார். இவ்வளவு தெரிஞ்சவர் ஏமாத்துவாரான்னு நெனச்சு, "இப்பவே கட்டிட்டா விலை லாக் ஆயிடும்ணே"ன்னதும் 1200 கிலோவுக்கும் முழுசா கட்டிட்டேன்.

முதல் லோடு ஸ்டார்ட்டர் 200 கிலோ அருமையா இருந்துச்சு, குறையே சொல்ல முடியாது. ரெண்டாவதா க்ரோயர் 200 கிலோ வந்துச்சு. மேல இருந்த மூட்டை நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாள் அதைத்தான் போட்டேன். அடுத்த மூட்டையைப் பிரிச்சு கையை விட்டா உள்ள கதகதன்னு சூடு, கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு பூசண வாடை. பூசணம் பிடிச்ச மக்காச்சோளத்துல அஃப்ளடாக்சின்ங்கற பூசண விஷம் இருந்தா கோழியோட ஈரல் போயிடும், அதனால மொத்தத்தையும் ஒதுக்கி வச்சிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அவங்க அனுப்பின ஆர்கானிக் சான்றிதழ்ல ஒரு லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புல வந்ததுன்னு காட்டற நம்பர்), மூட்டையில வேற லாட் நம்பர். மிச்சம் 800 கிலோ வரவே இல்ல. ரெண்டு நாள் போட்ட கொஞ்சம் போக வீணான 200, வராத 800, ஆக கிட்டத்தட்ட 1000 கிலோவோட காசு.

முதல்ல போட்டோ கேட்டாங்க, அனுப்பினேன். "உங்க ஷெட்ல ஈரம் ஏறியிருக்கும்"னாங்க, வந்து மூணே நாள் ஆன மூட்டை அது! அப்புறம் "தையல் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது"ன்னாங்க. தையலைப் பிரிக்காம உள்ள பூசணம் இருக்குன்னு எப்படிங்க தெரியும்? 800 கிலோ எங்கன்னு கேட்டா வண்டி கிளம்பிடுச்சுன்னு ஒரு வாரம், ரீஃபண்ட் போட்டாச்சுன்னு ஒரு வாரம். எனக்கு கணக்கு போட்டுக் கொடுத்தவர் இப்போ வேலைலயே இல்லையாம். இன்னொருத்தி கூசாம "அதுவரைக்கும் லேயர் தீவனம் போடுங்க சார்"ங்கறா, அது முட்டைக் கோழிக்கான தீவனம். லேயர் தீவனத்துல கால்சியம் மூன்றரை நாலு சதவீதம் இருக்கும், கறிக்கோழிக்கு ஒரு சதவீதம் போதும், அதைப் போட்டா கிட்னி கெட்டுடும். தீவனம் விக்கிற இடத்துல இருந்துக்கிட்டு இது கூட தெரியாம பேசறாங்க.

கோழி காத்திருக்குமா? இப்போ ஏழாவது வாரம், மொத்தத் தீவனத்துல பாதிக்கு மேல கடைசி நாலு வாரத்துலதான் தின்னும். சாதா தீவனம் போட்டா ஆர்கானிக்னு சொல்லி விக்க முடியாது. கடனை வாங்கி வேற இடத்துல வாரா வாரம் எடுத்துட்டு இருக்கேன். 1000 கிலோ காசுங்க, இந்த பேட்ச்ல வர்ற லாபம் மொத்தமும் அதுக்குப் பத்தாது.

வாரவாரக் கணக்கு முழுசா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்போ மனசு ஓடல. அவசரமா சொல்றேன். ரெண்டு மூணு வாரத்துக்கு மேல அட்வான்ஸ் கட்டாதீங்க, அரைச்ச தீவனம் எப்படியும் ரொம்ப நாள் தாங்காது. லாட் நம்பர், சான்றிதழ், செல்லுபடி தேதி மூணையும் மூட்டை இறக்கறதுக்கு முன்னாடி பாருங்க. எல்லா மூட்டையையும் வண்டிக்காரர் நிக்கும்போதே பிரிச்சு கையை விட்டுப் பாருங்க, வீடியோ எடுங்க. லேப் ரிப்போர்ட்ல புரதம் 20 சதவீதம்னு இருக்குன்னு மட்டும் நம்பாதீங்க, நைட்ரஜனை அளந்துதான் அந்தக் கணக்கு போடறாங்க, யூரியா கலந்தாலும் நம்பர் ஏறும். முதல் லோடு நல்லா இருந்துச்சேன்னு ரெண்டாவது லோடை பார்க்காம இறக்காதீங்க, நான் அதைத்தான் செஞ்சேன்.