மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

வயிற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு மருந்து வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சோழவந்தான்காரர், வெற்றிலை இல்லாமல் அரை நாள் இருந்ததில்லை. போன மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருடைய பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றைத் திறந்தால் குடல் சில நாட்கள் அசையாமல் கிடக்குமாம்; அதனால் காலையும் மாலையும் செவிலியர் வந்து, "ஐயா, காற்று பிரிந்ததா?" என்று கேட்பார். அப்பா வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மெல்லுவதற்குச் சூயிங்கம் கொடுத்தார்கள். வாய் மென்றால் சாப்பாடு வருகிறதென்று குடல் ஏமாந்து அசையத் தொடங்கும் என்றார்கள். வெற்றிலை போட்ட வாய்க்கு வந்த சோதனை! நாலாம் நாள் காற்று பிரிந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சீட்டில் வலிக்குப் பாரசிட்டமால் 650, இரவில் மலமிளக்கியாக லாக்டுலோஸ் 15 மில்லி. மருத்துவமனைக் கடையில் கூட்டமாக இருந்ததால் ஆரப்பாளையம் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். தவறு அங்கேதான். சீட்டில் இருந்த பெயரோடு அட்டையில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. கேட்டேன். "அதே கம்பெனிதான் சார், இது கொஞ்சம் பவர் கூட, வலி சட்டென்று கேட்கும்" என்றான் பையன். லாக்டுலோஸ் இருப்பு இல்லை, "வாழைப்பழம் கொடுங்கள் போதும்" என்றான். பில் கேட்கவில்லை, அவனும் தரவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் வயிறு தவில் போல் உப்பியது. காற்றும் இல்லை, மலமும் இல்லை. இரவு பச்சையாக வாந்தி எடுத்தார். கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம்.

மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார்: பாரசிட்டமால் 325, டிராமடால் 37.5 மில்லிகிராம். டிராமடால், மார்ஃபின் என்ற போதை தரும் வலி மருந்தின் வகையைச் சேர்ந்தது. வலியைக் குறைக்கும்போதே குடலையும் பூட்டிவிடும். அந்தப் பூட்டைக் குடலில் மட்டும் திறப்பதற்கென்றே அல்விமோபான் என்ற மருந்து அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்றது. அதையும் மருத்துவமனைக்குள் மட்டும், அதிகபட்சம் 15 வேளைதான் கொடுப்பார்களாம். "பூட்டை நீங்கள் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறீர்கள்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றில் தேங்கியதை எடுத்தார்கள். வாய்வழி எதுவும் இல்லை, குளுக்கோஸ் மட்டும். இரண்டாம் நாள் மாலை அப்பா தானாகவே செவிலியரைக் கூப்பிட்டு, "பிரிந்துவிட்டதம்மா" என்றார்.

மறுநாள் கடைக்குப் போனேன். டிராமடால் சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்து. 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. மருந்தாளுநர் எங்கே என்று கேட்டேன். முதலாளி, "பில் இருக்கிறதா?" என்றார். இல்லை என்றதும் குரல் இளகியது. "பையன் புதுசு. மீதி எத்தனை மாத்திரை இருக்கிறது? அட்டையைக் கொடுங்கள், முழுப் பணத்தையும் தந்துவிடுகிறேன்."

நான்கு மாத்திரை மீதி இருக்கிறது. தொகுதி எண்ணும் அட்டையில் தெளிவாகத் தெரிகிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதும் புகாரோடு அதைத்தான் இணைக்கப்போகிறேன். அவரிடம் கொடுக்கவில்லை.