உப்புக்காற்றில் எந்த டென்ட்: தரையிலா, கார் கூரையிலா?

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி வழியாகக் கன்னியாகுமரி வரை சுமார் 90 கி.மீ. கூட்டமில்லாத கடலோரச் சாலை. இங்கே இரண்டு மூன்று இரவு தங்கிப் போக, தரையில் அடிக்கும் டென்டையே தேர்ந்தெடுத்தோம், அதையே சொல்வோம்.

கார் கூரைமேல் பொருத்தி அங்கேயே படுக்கும் டென்டின் சுகம் உண்மையானது. ஐந்து நிமிடத்தில் விரிந்துவிடும், மெத்தை உள்ளேயே இருக்கும், நண்டு ஏறாது, உடைமுள் குத்தாது. விலை அதிகம், மைலேஜ் குறையும் என்பது எல்லோரும் அறிந்த கதை. எடைதான் கவனிக்க வேண்டியது: 50 முதல் 70 கிலோ. கூரை எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஆனால் கடலோரத்தில் முடிவைத் தீர்மானிப்பது உப்பு. துணியில் படிந்த உப்பு காய்ந்ததுபோலத் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அதுவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதனால்தான் நன்றாகக் காயவைத்து மடித்த டென்டிலும் பூஞ்சை பிடிக்கிறது. வெயிலில் போட்டால் மட்டும் போதாது, நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்தே ஆக வேண்டும்.

தரை டென்டுக்கு இது ஒரு பக்கெட் வேலை. 20 லிட்டர் நல்ல தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். சோப்புத்தூள் வேண்டாம், தண்ணீர் புகாமல் காக்கும் உள்பூச்சை அது கெடுத்துவிடும். கம்பிகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்க வேண்டும். உள்ளே உப்பு உறைந்தால் அடுத்த முறை பிரிக்க வராது. ஜிப்பின் பற்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் மெழுகுவர்த்தி தடவுங்கள். பிறகு மொட்டை மாடி நிழலில் இரு பக்கமும் உலர்த்தலாம்.

கூரை டென்டில் இதில் பாதிகூடச் செய்ய முடியாது. இறக்கவே மூன்று பேர் வேண்டும். ஆகவே பலரும் இறக்குவதில்லை. தடித்த துணியும் மெத்தையும் ஈரத்தை விடாது. அலுமினியச் சட்டத்தில் இரும்பு போல்ட் இருக்குமிடத்தில் உப்பு நீர் புகுந்தால், இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு வேகமெடுத்து போல்ட் இறுகிவிடும். கெட்டியான ஓடு கொண்ட மாடல்கள் இன்னும் நன்றாகத் தாங்கலாம். பல பருவம் இந்தக் காற்றில் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொன்று, கூரை டென்ட் என்றால் படுக்கும் இடத்துக்கே கார் போக வேண்டும். தலைப்பாரத்தோடு மணலில் இறங்கினால் புதையும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை என்னும் கடலாமை கரையேறி முட்டையிடும் காலமும்கூட. கரை மணலில் வண்டி ஏற்றவே கூடாது. தரை டென்டுக்காரர் காரைக் கெட்டித் தரையில் விட்டுவிட்டு நடந்து போகலாம்.

தரை டென்டின் பலவீனம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும்போது வலைத்துணி வழியே மணல் கொட்டும். அந்த மாதங்களைத் தவிருங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்து இறுக்குங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டைவிட ஒரு சாண் சிறிதாக இருக்கட்டும். வெளியே நீட்டினால் மழைநீரை உள்ளே இழுக்கும்.

இரண்டுக்கும் பொதுவானது: ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டபின்பே அடியுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் பக்கம் வேண்டாம்.

கூரை டென்ட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், கிளம்புமுன் ஒவ்வொரு போல்ட்டிலும் கிரீஸ் தடவி நைலான் வாஷர் போடுங்கள். திரும்பும் வழியில் முதல் வாட்டர் வாஷிலேயே கீல்களை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.