வளைகாப்புக்கு ஊருக்கு போன இடத்துல கார் ஆக்சிடென்ட், டிஸ்க் வலி: திருச்சியில பார்த்த வைத்தியம்

சிங்கப்பூர்ல இருந்து வளைகாப்புக்கு ஊருக்கு போற பொண்ணுங்க இதை கண்டிப்பா படிங்க. எனக்கு ஏழாம் மாசம் ஆரம்பம், திருச்சியில இறங்கி மதுரை ரோட்ல போயிட்டு இருந்தோம், விராலிமலை தாண்டினதும் பின்னாடி வந்த வேன் இடிச்சிடுச்சு. பெல்ட் வயித்துக்கு மேல இல்லாம கீழ, இடுப்பு எலும்போட ஒட்டி போட்டிருந்தேன், அதனாலதான் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைனு டாக்டர் சொன்னாங்க.

108 சீக்கிரமே வந்துடுச்சு, காசு கிடையாது. அதுல வேலை பார்க்கிற தங்கச்சி என்னை இடது பக்கமா சாய்ச்சு படுக்க வச்சே கூட்டிட்டு போச்சு, அந்த பொண்ணு நல்லா இருக்கணும். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்து நடந்தா முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், 2021 டிசம்பர்ல வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டம், வெளிநாட்டுக்காரங்களுக்கும் உண்டு, ஆனா அந்த திட்டத்தோட லிஸ்ட்ல இருக்கிற ஆஸ்பத்திரியா இருக்கணும். என்னை சேர்த்த ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க, நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில இருந்து பிரியறது கொஞ்ச நேரம் கழிச்சுகூட நடக்கலாம்னு பிள்ளையோட துடிப்பை பல மணி நேரம் பார்த்துகிட்டே இருந்தாங்க, எனக்கு நெகட்டிவ் ரத்த குரூப்ங்கறதால, பிள்ளையோட ரத்தம் கலந்தா பிரச்சனை வராம தடுக்கற ஆன்டி-டி ஊசியும் போட்டாங்க. இது வரைக்கும் ஒரு குறையும் இல்ல.

என் ஆதங்கமே அதுக்கப்புறம்தான். இடுப்புல இருந்து இடது கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குது, கட்டை விரல் மரத்து போச்சு, வேற ஒரு கிளினிக்ல காட்டினா "மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தான்மா செய்யும்"னு தொட்டுக்கூட பார்க்காம அனுப்பிட்டாங்க. மெடிக்கல் ஷாப்ல டைக்ளோபினாக்னு வலி மாத்திரை எடுத்து நீட்டறாங்க, 20 வாரத்துக்கு மேல அந்த மாதிரி மாத்திரை பிள்ளையோட கிட்னியை பாதிச்சு பனிக்குட தண்ணியை குறைச்சிடும், டாக்டரை கேக்காம தொடாதீங்க. அத்தை பாசத்துல எண்ணெய் போட்டு நீவி விட ஆள் கூப்பிடறேன்னாங்க, வேண்டாம் அத்தைனு சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு எலும்பு டாக்டர்தான் காலை தூக்கி, விரலை மடக்கி பார்த்துட்டு உடனே எம்ஆர்ஐ எழுதினார். அதுல எக்ஸ்ரே கதிர் கிடையாது, படம் தெளிவா தெரிய போடற டை (சாய மருந்து) ஊசியும் போடல. தாலி, மெட்டி எல்லாம் கழட்டணும், அத்தை மஞ்சக்கயிறு கட்டி விட்டாங்க, முதுகுக்கு ஒரு பக்கம் தலகாணி வச்சு சாய்ச்சு படுக்க வச்சாங்க. சிங்கப்பூர் பிரைவேட் ரேட்டோட பார்த்தா ரொம்ப கம்மி, ரிப்போர்ட் அன்னைக்கே வந்துடுச்சு, கீழ் முதுகு எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதாம். பாரசிட்டமால், முட்டிக்கு நடுவுல தலகாணி, வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுத்த பிசியோ, இவ்ளோதான் வைத்தியம், மெதுவா வலி இறங்குச்சு. ஆனா யூரின் வராம போனாலோ, தொடை இடுக்குல உணர்ச்சி இல்லாம போனாலோ, ரெண்டு காலும் தளர்ந்தாலோ விடியட்டும்னு இருக்கக் கூடாது, அப்பவே எமர்ஜென்சி, தேவைப்பட்டா மாசமா இருக்கும்போதும் ஆபரேஷன் பண்ணுவாங்கனு அவரே சொன்னார்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஏ.ஆர். (விபத்து பதிவேடு) காப்பி, ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். காப்பி, எம்ஆர்ஐ சிடி எல்லாம் கையில வாங்கிக்கோங்க, இன்சூரன்ஸ்காரங்க ஒவ்வொண்ணா கேக்கறாங்க. 28 வாரத்துக்கு மேல ஆச்சுன்னா பல ஏர்லைன்ல டாக்டர் லெட்டரும் கேப்பாங்க. இங்க சிங்கப்பூர்ல என் டாக்டர் அந்த சிடியை பார்த்துட்டு திரும்ப ஸ்கேன் வேண்டாம்னுட்டாங்க, நார்மல் டெலிவரிக்கே பார்க்கலாமாம், பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போடறதை பத்தி மட்டும் மயக்க டாக்டரை முன்கூட்டியே பார்த்து பேசச் சொல்லியிருக்காங்க.