கெட்டுவள்ளமா, சிகாராவா? தர்மபுரியிலிருந்து ஆலப்புழை கிளம்புகிறவர்களுக்கு

ஆலப்புழையில் முன்பு நண்பர்களோடு கெட்டுவள்ளத்தில், அதாவது படகு வீட்டில், தங்கினேன். இந்த முறை வீட்டோடு போய், கூரை போட்ட சின்னச் சவாரிப் படகான சிகாரா எடுத்தோம். இனி யார் கேட்டாலும் சிகாரா என்றுதான் சொல்வேன்.

அழகில் கெட்டுவள்ளத்தை அடிக்க ஆளில்லை. ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டு வயல்களின் நெல்லை அந்தக் காலத்தில் கொச்சிக்கு ஏற்றிப்போன சரக்குப் படகு அது. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். இப்போது உள்ளே கட்டில், குளியலறை, பொரித்த கரிமீன் எல்லாம் உண்டு.

சிக்கல் நேரக் கணக்கில்தான். பகல் 12 மணி வாக்கில் ஏற்றி, மறுநாள் காலை 9 மணிக்கு இறக்குவார்கள். கேட்கும்போது ஏதோ நாள் முழுக்க ஆற்றில் போகப்போகிற மாதிரி இருக்கும். ஆனால் மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். நடுவில் மதியச் சாப்பாட்டுக்கும் நிறுத்தம். காலையில் டிபன் முடிந்து கொஞ்சம் ஓட்டினால் துறை வந்துவிடும். கூட்டிக் கழித்தால் படகு நகர்வது ஐந்தாறு மணி நேரம். மிச்சமெல்லாம் பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் சத்தத்தோடு மிதக்கும் லாட்ஜ் வாசம். பல படகுகளில் ஏசியும் ராத்திரியில் மட்டும்தான் ஓடும். புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.

சிகாராவுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஓடுகிற நேரத்துக்குத்தான் காசு. அப்புறம், பெரிய படகு நுழையாத ஒடுக்கமான கால்வாய்க்குள் அது நுழைந்துவிடும். தாழ்வான நடைபாலம் வந்தால் படகோட்டி தலையைக் குனியச் சொல்வார். கைக்கெட்டும் தூரத்தில் வீட்டுப் படியில் ஒரு அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார். கரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வயல் நம் படகைவிடத் தாழ்வில் கிடக்கும். கடல்மட்டத்துக்குக் கீழே விவசாயம் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது. ஒகேனக்கல் பரிசலில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போய்ப் பழகிய நமக்கு இதுதான் தோது.

சிகாராவில் கழிவறை கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். வயதானவர்கள் கூட வந்தால் பகலில் மட்டும் ஓடும் கெட்டுவள்ளத்தை விசாரியுங்கள்; நான் அதில் ஏறியதில்லை. மழைக்காலத்தில் இரண்டிலுமே போனதில்லை.

சேலத்தில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் ஆலப்புழை. இன்னும் சிக்கனம் வேண்டுமா? கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு கோட்டயம் வரை போகிறது, சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் மிகக் குறைவு. ஓர இருக்கை வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலேயே போய் நில்லுங்கள்.