லுக்யானென்கோவின் ‘நைட் வாட்ச்’: படத்தை முதலில் பார்த்தவன் சொல்வது

“நைட் வாட்ச் பார்த்தேன், காட்சிகள் மிரட்டல், கதைதான் தலைகால் புரியவில்லை” என்று சொல்லும் ஆட்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சிதான். படத்தை இரண்டு முறை பார்த்தும் யார் யாரை ஏன் துரத்துகிறார்கள் என்று பிடிபடவில்லை. அப்புறம் புத்தகம் கிடைத்தது. ஆண்ட்ரூ புரோம்ஃபீல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள், படத்தில் விளங்காமல் போனதெல்லாம் புத்தகத்தின் உயிர்நாடியாக இருப்பது தெரிந்தது.

மூல நாவலை எழுதிய ரஷ்ய எழுத்தாளர் செர்கேய் லுக்யானென்கோ கஜகஸ்தானில் பிறந்தவர். மனநல மருத்துவம் படித்தவர். தொடரின் முதல் புத்தகம் 1998இல் வந்தது, ஆறாவது 2014இல். திமூர் பெக்மாம்பெத்தவ் இயக்கிய முதல் படம் 2004 ஜூலையில் வெளியானது. சுமார் 42 லட்சம் டாலரில் எடுத்து, ரஷ்யாவில் மட்டும் ஏறக்குறைய 1.6 கோடி டாலர் வசூலித்தார்கள். இரண்டாவது படம் 2006 புத்தாண்டு அன்று வந்தது. மூன்றாவது வரவே இல்லை. இயக்குநர் ஹாலிவுட் பக்கம் போய்விட்டார்.

கதையின் களம் தொண்ணூறுகளின் மாஸ்கோ. மனிதர்களுக்கு நடுவே, மனிதர்களைப் போலவே ‘வேறானவர்கள்’ வாழ்கிறார்கள்: மந்திரவாதிகள், சூனியக்காரிகள், ரத்தக்காட்டேரிகள், உருமாறிகள். இவர்களில் சிலர் ஒளியின் பக்கம் நிற்பவர்கள், மற்றவர்கள் இருளின் பக்கம். இரு தரப்பும் பழங்காலத்திலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதை இருளார் மீறாமல் இரவில் கண்காணிப்பது ஒளியாரின் ‘இரவுக் காவல்’; ஒளியாரைப் பகலில் கண்காணிப்பது இருளாரின் ‘பகல் காவல்’. இரண்டுக்கும் மேலே நடுவர்களாக ஒரு விசாரணை மன்றம்.

இதுவரை படத்திலும் உண்டு. ஒரு பாலத்தின் மேல் நடக்கும் இடைக்காலப் போருடன் படம் அதைப் பிரமாண்டமாகவே தொடங்கி வைக்கிறது. ஆனால் ஒப்பந்தம் அன்றாடம் எப்படி நடக்கிறது என்ற கணக்குவழக்கு புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒளியின் மந்திரவாதி ஒருவன் குறிப்பிட்ட தரத்தில் ஒரு நல்லது செய்துவிட்டால், அதே தரத்தில் ஒரு கெட்டது செய்ய இருளுக்கு உரிமை வந்துவிடும். அதனால் கண்முன்னால் ஒருவன் உடைந்து அழுதாலும் நாயகன் அந்தோன் கையைக் கட்டிக்கொண்டு நடந்துபோக வேண்டும். நல்லவனாக இருப்பதற்கும் ரேஷன்.

இதைவிடக் கொடுமை, ரத்தக்காட்டேரிகளுக்கு மனிதர்களை வேட்டையாட உரிமம் வழங்கப்படுவது. யார் இரை என்பதைக் குலுக்கலில் எடுப்பார்கள். அந்தக் காகிதத்தை அனுமதிப்பது ஒளியின் அலுவலகமே. அந்தோன் ஒன்றும் வாளேந்திய வீரனல்ல. இரவுக் காவலின் கணினிப் பிரிவிலிருந்து களப்பணிக்குத் தள்ளப்பட்ட புரோகிராமர். தன் மேசைக்குப் பக்கத்தில் என்ன கோப்பு நகர்கிறது என்று தெரிந்துகொண்டே வேலைக்குப் போகிறவன். அவன் குடியிருக்கும் கட்டடத்திலேயே ஒரு ரத்தக்காட்டேரிக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் கோஸ்த்யா நல்லவன், நண்பன். ஒரு நாள் அவனுக்கும் உரிமம் வரலாம். அரசு அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்த எவருக்கும் இந்தப் பயம் கோட்டைகளில் வாழும் காட்டேரிகளைவிட நெருக்கமாகத் தெரியும்.

படம் இந்தக் கணக்கை ஓரங்கட்டிவிட்டு ஒரு குடும்பச் சோகத்தை மையத்தில் வைத்தது. 1992இல் மனைவி விட்டுப்போன அந்தோன் ஒரு சூனியக்காரியிடம் போய், மனைவியின் வயிற்றிலிருக்கும் குழந்தையை மந்திரத்தால் அழிக்கச் சம்மதிக்கிறான். பன்னிரண்டு வருடம் கழித்து யெகோர் என்ற சிறுவனைக் காப்பாற்றப் போகிறான். அவனே அந்த மகன். சினிமாவுக்கு இது வலுவான முடிச்சுதான், மறுக்கவில்லை. புத்தகத்தில் யெகோர் அவனுக்கு யாரோ ஒரு பையன், அவ்வளவுதான். எனக்குப் புத்தகத்தின் வழிதான் பிடித்திருக்கிறது. பெற்ற மகனுக்காக எவனும் துடிப்பான். முன்பின் தெரியாத ஒரு பையனை, தன் மேலதிகாரிகளே பகடைக்காயாக உருட்டுகிறார்கள் என்று தெரிந்தபின் அந்தோன் படும் அவஸ்தை வேறு ரகம்.

மாக்சிம் என்ற பாத்திரமும் இப்படித்தான் கைநழுவிப் போனது. தான் யாரென்றே தெரியாத ஒளியாள் அவன். இருளாரைக் கண்ட இடத்தில் ஒரு மரக்கத்தியால் குத்திக் கொல்கிறான், நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு. கொலைப்பழி அந்தோன்மேல் விழுகிறது. இரண்டாவது படத்தில் பழி மட்டும் மிச்சம். மாக்சிமின் தவிப்பு காணோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘டே வாட்ச்’ என்ற பெயரில் வந்த இரண்டாவது படம், அதே பெயருள்ள இரண்டாவது புத்தகத்தின் கதையே அல்ல. முதல் புத்தகத்தின் பிற்பாதியிலிருந்து சிலவற்றை எடுத்து, விதியைத் திருத்தி எழுதும் சாக்பீஸுக்காக இடைக்கால மன்னன் தைமூரையும் இழுத்துவந்து, கடைசியில் மாஸ்கோவையே இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டோமே என்று அந்தப் புத்தகத்தைத் தாண்டிவிடாதீர்கள். தொடரிலேயே சிறந்த கதை என்று நான் நினைப்பது அதன் முதல் பகுதி.

அந்தப் பகுதியைச் சொல்பவள் அலிசா என்ற இளம் சூனியக்காரி. எதிரணியின் குரலில், ‘நான்’ என்று தன்மையில். சக்தி முழுவதையும் இழந்த அவளை, தேறிவரட்டும் என்று கிரிமியாவின் ஆர்த்தேக் சிறுவர் முகாமுக்கு அனுப்புகிறார்கள். சோவியத் காலத்திலிருந்தே புகழ்பெற்ற முகாம் அது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவாகப் பகலில் சிரிக்கிறாள். இரவில் அதே குழந்தைகளின் கெட்ட கனவுகளை உறிஞ்சிச் சக்தி சேர்க்கிறாள். பிள்ளைகளுக்கு அதனால் கேடில்லை என்று நமக்கே வக்காலத்து வாங்குகிறாள். நாமும் தலையாட்டிக்கொண்டே படிக்கிறோம். கடற்கரையில் ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது, இவள் யாரென்று அவனுக்கும் தெரியாது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். படத்து அலிசாவுக்குக் கிடைத்தது, காஸ்மாஸ் ஹோட்டல் சுவரின்மேல் சிவப்புக் கார் ஓட்டும் காட்சி. கைதட்ட வைக்கும் காட்சிதான். ஆனால் ஆர்த்தேக்குக்கு ஈடாகுமா?

சரி, படத்துக்கு நியாயம் செய்ய வேண்டிய இடங்களும் உண்டு. வேறானவர்கள் மட்டும் நுழையக்கூடிய ஒரு நிழலுலகம் இருக்கிறது. ரஷ்ய மொழியில் ‘சூம்ராக்’, நம் ஊர்ச் சொல்லில் மசங்கல், அதாவது அந்திமயக்கம். புத்தகத்தில் அங்கே மனித உணர்ச்சிகளைத் தின்று வளரும் நீலப்பாசி படர்ந்திருக்கும். படத்தில் கொசுக்கள் ரீங்காரமிடும். பாசி அழகான கற்பனை, ஆனால் கொசு என் தோலில் ஊர்ந்தது. விமானத்திலிருந்து கழன்ற ஓர் ஆணி விழுந்து, காற்றுக்குழாய் வழியே உருண்டு, காப்பிக் கோப்பையில் வந்து சேரும் காட்சியையும் எழுத்தில் கொண்டுவர முடியாது. இரவுக் காவலின் தலைவன் கேசராக வரும் விளாதிமீர் மென்ஷோவ், அந்தோனாக வரும் கான்ஸ்தந்தீன் ஹபென்ஸ்கி இருவரின் முகங்களும் இப்போது புத்தகத்தைத் திறந்தாலும் வந்து நிற்கின்றன. திரைக்கதையில் லுக்யானென்கோவுக்கும் பங்குண்டு என்பதால், ‘என் கதையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று புலம்ப அவருக்கு வழியில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 2022இல் உக்ரைன்மீதான படையெடுப்பை வெளிப்படையாக ஆதரித்தவர். ‘ஒளியின் பக்கம் நிற்கிறோம் என்று நம்புகிறவர்கள் செய்யும் கொடுமை’ பற்றி ஆறு புத்தகம் எழுதியவரா இவர் என்று கேட்கத் தோன்றும்; எனக்கும் தோன்றியது. அதற்காகவே இவரை வாசிக்க மாட்டேன் என்றால் அது நியாயமான காரணம், வாதாட மாட்டேன். பழைய பிரதி கிடைத்தால் வாங்குவது என் சமரசம்.

வாசிக்க முடிவுசெய்தால், ஒவ்வொரு புத்தகத்திலும் தனித்தனியாகத் தெரியும் மூன்று கதைகள் கடைசியில் ஒரே திட்டமாகக் கோத்துக்கொள்ளும். அதனால் நடுவில் விட்டுவிடாதீர்கள். முதல் மூன்றும் கட்டாயம். நான்காவது சமர்கந்துவரை பயணம் போகிறது, சுவாரசியம் குறையவில்லை. கடைசி இரண்டில் மூச்சு வாங்குகிறது, ஆசையிருந்தால் மட்டும். படங்களை முதல் புத்தகத்துக்கு அப்புறம் பாருங்கள். ஆங்கிலத்தில் குரல் மாற்றிய பிரதி வேண்டாம். வெளிநாடுகளுக்காகச் செய்த சப்டைட்டில் பிரதியைத் தேடுங்கள். அதில் எழுத்துகளே நீரில் விழுந்த ரத்தம்போலக் கரைந்து மறையும்.